இரண்டு கேபிள் போட்டால் இரண்டு மடங்கு வேகமா?

கேள்வி – பதில்: நெட்வொர்க் பகுதி

‘ஸ்விட்ச், போர்ட், கேபிள் பற்றிய சந்தேகங்களை எழுதுங்கள்’ என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: இரண்டு இணைப்பைச் சேர்த்துக் கட்டினால் வேகம் கூடுமா? ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கே: ஐந்து ரோடு பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். 4 எடிட்டிங் சிஸ்டம், ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி), 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடியது). நாஸில் உள்ள 2 லேன் போர்ட்டையும் ஸ்விட்சில் செருகி, இரண்டு பக்கமும் எல்ஏசிபி (பல கேபிளைப் பேசிவைத்து ஒரே இணைப்பாகக் கட்டும் முறை) போட்டாயிற்று. நாஸ் ‘2000 எம்பிபிஎஸ்’ என்று காட்டுகிறது. ஆனால் காப்பி போட்டால் நொடிக்கு 112 மெகாபைட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. நான்கு பேரும் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 28தான். நாஸின் ஐபி 192.168.1.10. எடிட்டிங் சிஸ்டங்களுக்கு 21, 23, 25, 27. இரட்டைப்படை எண்களை பில்லிங்குக்கும் பிரிண்டருக்கும் ஒதுக்கியிருக்கிறோம். எங்கே தப்பு?

ப: ஐபி எண்களையும் சேர்த்து எழுதினீர்களே, அதற்கு நன்றி. பாதி விடை அதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 112. இதில் பழுது எதுவும் இல்லை. 1 கிகாபிட் இணைப்பில் தலைப்புச் சுமைகள் (ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒட்டும் முகவரி விவரங்கள்) போக, டிசிபி (பாக்கெட்டுகள் ஒழுங்காகச் சேர்வதைக் கவனிக்கும் முறை) வழியாக உருப்படியாகப் போவது சுமார் 940 மெகாபிட். 8 பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 117 மெகாபைட், ஃபைல் ஷேரிங்கின் சொந்தச் செலவும் போனால் 110 முதல் 115 வரை நிற்கும். உங்கள் எடிட்டிங் சிஸ்டத்தில் இருப்பது ஒரே ஒரு 1 கிகாபிட் போர்ட். நாஸ் பக்கம் இரண்டு அல்ல, எட்டு கேபிள் கட்டினாலும் அந்த ஒற்றைப் போர்ட்டுக்குள் நுழைவது இவ்வளவுதான்.

சிஸ்டத்திலும் இரண்டு போர்ட் வைத்து எல்ஏசிபி கட்டினால்? அப்போதும் ஒரு காப்பிக்கு 112தான். ஒரு உரையாடலின் பாக்கெட்டுகளை இரண்டு கேபிளிலும் மாற்றி மாற்றி அனுப்பினால் அவை வரிசை தப்பி வந்து சேரும். டிசிபி அதைப் பார்த்து ‘வழியில் தொலைந்துவிட்டது’ என்று நினைத்து மறுபடி கேட்கும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். அதனால் ஒரு உரையாடல் முழுக்க ஒரே கேபிளில்தான் போக வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை விதி. 2000இல் 802.3ஏடி என்ற பெயரில் வந்தபோதும், 2008இல் 802.1ஏஎக்ஸ் என்று இடம் மாறிய பிறகும் அந்த விதி மாறவில்லை. லினக்ஸில் கேபிள்களைக் கட்டும் வசதியான பாண்டிங்கில் ‘பேலன்ஸ் ஆர்ஆர்’ என்று பாக்கெட்டுகளைச் சுழற்றி அனுப்பும் முறை ஒன்று உண்டு. நடுவில் ஸ்விட்ச் இருந்தால் அதை நம்பி இறங்காதீர்கள்.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினை: நான்கு பேரும் சேர்ந்து எடுத்தும் மொத்தம் 112ஐத் தாண்டவில்லை. நான்கு பேர் என்றால் நான்கு உரையாடல். இரண்டு கேபிளிலும் பிரிந்து போயிருந்தால் ஆளுக்கு 56 கிடைத்திருக்க வேண்டும். பிரியவில்லை. காரணம், எந்த உரையாடல் எந்தக் கேபிளில் என்று முடிவு செய்யும் கணக்கு.

அந்தக் கணக்குக்கு ஹாஷ் என்று பெயர். அனுப்புபவர், பெறுபவர் இருவரின் முகவரிகளையும் எடுத்து எக்ஸ்ஆர் செய்து (இரும எண்ணாக எழுதி, இலக்கங்கள் ஒன்றானால் 0, வேறானால் 1 என்று போட்டு), மொத்தக் கேபிள்களின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்ப்பது வழக்கமான முறை. கேபிள் இரண்டு என்றால் விடை ஒற்றையா இரட்டையா என்பதுதான் கேள்வி. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 10ஐயும் 21ஐயும் எக்ஸ்ஆர் செய்தால் 31. 10, 23: 29. 10, 25: 19. 10, 27: 17. நான்கு விடையும் ஒற்றைப்படை. நான்கு சிஸ்டமும் ஒரே கேபிளில் ஏறி நெரிகின்றன, இன்னொன்றில் பில்லிங் கம்ப்யூட்டர் மட்டும் ஹாயாகப் போய்க்கொண்டிருக்கிறது. மேக் முகவரியையும் (நெட்வொர்க் கார்டின் சொந்த அடையாள எண்) சேர்த்துப் பார்க்கும் பெட்டிகளில் விடை வேறு மாதிரி வரலாம். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

சரிபார்க்க ஒரு வழி. ஐபெர்ஃப்3 என்ற, வேகம் அளக்கும் இலவச நிரலை நாஸிலும் இரண்டு எடிட்டிங் சிஸ்டங்களிலும் ஓட்டுங்கள். ஒரு ஐபெர்ஃப்3 சர்வர் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும், எனவே நாஸில் 5201, 5202 என இரண்டு போர்ட் எண்களில் (கேபிள் செருகும் போர்ட் அல்ல, நிரல்களைப் பிரித்தறியும் எண்) இரண்டு சர்வர் வேண்டும். இரண்டு சிஸ்டத்திலும் ஒரே நேரத்தில் சோதனையைத் தொடங்குங்கள். ஆளுக்கு 940 மெகாபிட் வந்தால் தனித்தனிக் கேபிள், ஆளுக்கு 470 வந்தால் ஒரே கேபிள். பிறகு ஒரு சிஸ்டத்தின் ஐபியை 23இலிருந்து 24க்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று: கணக்கைப் போடுவது அனுப்புகிற பக்கம். நாஸிலிருந்து எடிட்டிங் சிஸ்டத்துக்கு வரும் வீடியோ எந்தக் கேபிளில் என்பதை நாஸ் தீர்மானிக்கிறது. எடிட்டிங் சிஸ்டத்திலிருந்து நாஸுக்குப் போவது எந்தக் கேபிளில் என்பதை ஸ்விட்ச் தீர்மானிக்கிறது. ஸ்விட்சில் மட்டும் ஹாஷ் முறையை மாற்றிவிட்டு ‘படிக்கும் வேகம் கூடவில்லையே’ என்று உட்கார்ந்திருந்தால் விடியாது. சோதனையை இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். ஐபெர்ஃப்3இல் திசையைத் திருப்ப ‘ரிவர்ஸ்’ வசதி இருக்கிறது.

சரிசெய்வது: நாஸிலும் ஸ்விட்சிலும் ஹாஷ் முறையை, இருந்தால், ‘லேயர் 3+4’ என்பதற்கு மாற்றுங்கள். அப்போது டிசிபி போர்ட் எண்களும் கணக்கில் சேரும், விடைகள் சிதறும். அந்த வசதி இல்லாத பெட்டி என்றால் இரண்டு எடிட்டிங் சிஸ்டங்களுக்கு இரட்டைப்படை ஐபி கொடுங்கள். பில்லிங்கின் கௌரவம் குறையாது.

இவ்வளவும் செய்தாலும் தனி ஒருவரின் காப்பி 112ஐத் தாண்டாது. 500 ஜிபி கல்யாண ஃபுட்டேஜை இறக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறதே என்பதுதான் உங்கள் வலி என்றால், வழி வேறு. நாஸில் 2.5 கிகாபிட் போர்ட் இருக்கிறதா அல்லது சேர்க்க முடியுமா பாருங்கள். ஒரு 2.5 கிகாபிட் ஸ்விட்ச், ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு கார்டு (அண்மையில் வாங்கிய மதர்போர்டுகளில் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும்), சுவருக்குள் ஓடும் கேட்5இ கேபிளை மாற்றவே வேண்டாம், 100 மீட்டர் வரை தாங்கும். ஒரே காப்பி 280 மெகாபைட் அளவுக்குப் போகும், அதே 500 ஜிபி அரை மணி நேரத்தில் முடியும். நாஸின் ஹார்டு டிஸ்க் அந்த வேகத்தில் படித்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒற்றை டிஸ்க் 150 முதல் 250 வரைதான் தரும், அதனால் ரெய்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக்குவது) வேண்டியிருக்கும். இரண்டு 1 கிகாபிட் கேபிளைக் கட்டி மாரடிப்பதைவிட ஒரு 2.5 கிகாபிட் கேபிள் மேல் என்பது எங்கள் கட்சி.

பழைய பெட்டியை வைத்துக்கொண்டே ஒரு காப்பியை வேகப்படுத்த இன்னொரு குறுக்கு வழி எஸ்எம்பி மல்டிசேனல் (எஸ்எம்பி என்பது விண்டோஸின் ஃபைல் ஷேரிங் முறை). விண்டோஸ் 8 முதல் இருக்கிறது. இது எல்ஏசிபி இல்லை. எல்ஏசிபியைக் கழற்றிவிட்டு நாஸின் இரண்டு போர்ட்டுக்கும் தனித்தனி ஐபி, சிஸ்டத்திலும் இரண்டு போர்ட், நாஸ் அமைப்பில் மல்டிசேனல் ஆன். விண்டோஸ் தானாகவே இரண்டு டிசிபி இணைப்பைத் திறந்து ஒரே ஃபைலை இரண்டு வழியாகவும் இழுக்கும். எல்லா நாஸிலும் இந்த வசதி கிடையாது.

கே: அம்மாபேட்டையில் விசைத்தறிக் கூடம். ஆபீசில் புது 16 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச். 15 போர்ட்டில் பச்சை விளக்கு, ஒன்றில் மட்டும் ஆரஞ்சு. அந்தக் கம்ப்யூட்டரில் காப்பி 11 மெகாபைட்டுக்கு மேல் போவதில்லை. ஸ்விட்ச் வாங்கிய கடையில் ‘போர்ட் வீக்’ என்கிறார்கள். போர்ட் வீக் ஆகுமா?

ப: வேறு போர்ட்டில் செருகினாலும் ஆரஞ்சுதான் வரும், பந்தயம் கட்டலாம். பெரும்பாலான ஸ்விட்சுகளில் ஆரஞ்சு என்றால் 10 அல்லது 100 மெகாபிட், பச்சை என்றால் 1000. முகப்பில் பொடி எழுத்தில் விளக்கம் இருக்கும். 11 மெகாபைட் என்பது 100 மெகாபிட்டின் அசல் முகம்.

100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஏதாவது ஒன்று தொடாமல் நின்றால் இரண்டு பக்கமும் ‘கிகாபிட் பேசலாம்’ என்று ஒப்புக்கொண்டு, முயன்று, தோற்று, 100க்கு இறங்கிவிடும். இறங்கத் தெரியாத சில பழைய கார்டுகள் விளக்கு எரிந்து அணைந்து எரிந்து அணைந்து தவிக்கும்.

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளிப் கீழ்ப்பக்கமும் தங்க நிறத் தகடுகள் மேல்பக்கமும் இருக்கும்படி, கேபிள் உங்களை நோக்கி இருக்க, இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். எட்டுக் கம்பியின் செப்பு முனையும் பிளக்கின் முன் சுவரில் முட்டி நிற்க வேண்டும். ஒன்று ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் தகட்டின் பல் அதைக் கடிக்காது. அடுத்து, கேபிளின் வெளித்தோல் பிளக்கின் உள்ளே போய் அந்தச் சின்ன நாக்கின் அடியில் அமுங்கியிருக்கிறதா? வெளியே நின்றுவிட்டால் தறி அதிர்வில் ஆடி ஆடி ஒரு கம்பி விடும். உங்கள் கூடத்தில் அதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். போதாததற்கு, காலியாகக் கிடக்கும் போர்ட்டுகளில் பஞ்சுத் தூசி போய் அடையும். ரப்பர் மூடி போட்டு வையுங்கள்.

கிரிம்ப் (பிளக்கைக் கேபிளில் அழுத்திப் பொருத்துவது) சரியாக இருந்தும் அடிக்கடி இப்படி ஆனால் கேபிளைச் சந்தேகியுங்கள். ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செப்பு பூசிய சிசிஏ கேபிள். இரண்டு முறை மடக்கினால் ஒடியும், கேமராவுக்கு அதிலேயே பவரும் அனுப்பினால் சூடேறும். விலை மலிவு என்று வாங்கிச் சுவருக்குள் போட்டுவிட்டால் பிறகு சுவரைத்தான் உடைக்க வேண்டும். ‘பியூர் காப்பர்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் கடையிலேயே சுரண்டிப் பாருங்கள்.

கே: அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்கள் கல்லூரியில் இரண்டு லேப். ஒவ்வொன்றிலும் 24 போர்ட் ஸ்விட்ச், நடுவே ஒரு கேபிள். எல்லோரும் சேர்ந்து சர்வரிலிருந்து இறக்கினால் மெதுவாகிறது. வேகம் கூடட்டும் என்று இன்னொரு கேபிளைச் செருகினோம். ஒரு நிமிடத்தில் எல்லாப் போர்ட்டும் ஒரே தாளத்தில் மின்ன ஆரம்பித்தது, மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. பிடுங்கியதும் சரியானது. முறையாக எப்படிச் செய்வது?

ப: அந்த ஒரே தாள மின்னலுக்கு பிராட்காஸ்ட் ஸ்டார்ம் என்று பெயர். ஈதர்நெட் ஃபிரேமுக்கு (கேபிளில் போகும் டேட்டாப் பொட்டலம்) ஆயுள் எண்ணிக்கை கிடையாது. ‘யாரப்பா இந்த ஐபி?’ என்று ஒரு கம்ப்யூட்டர் எல்லோருக்கும் கேட்கும் கேள்வி முதல் கேபிளில் போய் இரண்டாவதில் திரும்பி வந்து, மறுபடி போய், ஓயாமல் சுற்றும். சுற்றச் சுற்றப் புதியவையும் சேர்ந்துகொள்ளும். சாதாரண அன்மேனேஜ்டு ஸ்விட்சுகளில் இதைத் தடுக்க ஆளில்லை. மேனேஜ்டு ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ (இப்படிச் சுற்றும் லூப்பைத் தடுக்கும் வசதி) ஓடினால் அது இரண்டாவது கேபிளை அடைத்து வைக்கும். படுக்காது, ஆனால் வேகமும் கூடாது. முதல் கேபிள் அறுந்தால் இரண்டாவது விழித்துக்கொள்ளும், அவ்வளவே.

இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பயன்படுத்த இரண்டு பக்கமும் மேனேஜ்டு அல்லது ஸ்மார்ட் ஸ்விட்ச் வேண்டும். மெனுவில் இந்த வசதி லேக், லிங்க் அக்ரிகேஷன், போர்ட் சேனல், ஈதர்சேனல், டிரங்க் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் ஒளிந்திருக்கும். டிரங்க் என்றால் மட்டும் கவனம்: சிஸ்கோவில் அது பல விலான்களை (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்) சுமக்கும் போர்ட்டைக் குறிக்கும், பழைய எச்பி புரோகர்வ் பெட்டிகளில் அதுவே இணைப்புக் கட்டு.

வரிசை முக்கியம். இரண்டாவது கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் லேப்டாப்பை, கட்டப்போகும் போர்ட்டுகளில் இல்லாமல் வேறு ஏதாவது போர்ட்டில் செருகுங்கள். முடிந்தால் தொலைவில் இருக்கும் ஸ்விட்சை முதலில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நடுவழியில் தொடர்பு அறுந்து அந்த லேபுக்கு நடக்க வேண்டியிருக்கும். கட்டப்போவது 23, 24 ஆகிய போர்ட்டுகள் என்று வைத்துக்கொள்வோம்; இரண்டும் ஒரே வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது) என்று உறுதி செய்யுங்கள். இரண்டிலும் ‘ஆட்டோ’ வையுங்கள். ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் கையால் 100 ஃபுல் என்று பூட்டினால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு விழுந்து பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

பிறகு லேக் 1 என்று ஒரு குழு உருவாக்கி 23, 24ஐ அதில் சேருங்கள். வகை எல்ஏசிபி. ஒரு பக்கமாவது ‘ஆக்டிவ்’ ஆக இருக்க வேண்டும். இரண்டும் ‘பாசிவ்’ என்றால் நீ முதலில் பேசு, நான் முதலில் பேசு என்று இரண்டும் வாய்மூடி நிற்கும், குழு எழாது. யோசிக்காமல் இரண்டு பக்கமும் ஆக்டிவ் வைத்துவிடலாம். விலான் அமைப்பு இருந்தால் அதைத் தனிப் போர்ட்டுகளில் கொடுக்காமல் லேக் 1க்குக் கொடுங்கள். ஒரு போர்ட்டுக்கு ஒரு விலானும் மற்றதற்கு வேறும் இருந்தால் பல ஸ்விட்சுகள் அந்தப் போர்ட்டைக் குழுவில் சேர்க்க மறுக்கும்.

அடுத்த ஸ்விட்சிலும் இதேபோல் செய்துவிட்டு இரண்டாவது கேபிளைச் செருகுங்கள். எல்ஏசிபி நிலைப் பக்கத்தில் ‘பார்ட்னர்’ என்ற இடத்தில் எதிர் ஸ்விட்சின் மேக் முகவரி தெரிய வேண்டும். அங்கே முழுக்க பூஜ்யங்களாக இருந்தால் எதிர்ப்பக்கம் எல்ஏசிபி பேசவில்லை என்று பொருள். ‘ஸ்டாட்டிக்’ என்று ஒரு வகையும் மெனுவில் இருக்கும். அதில் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு பக்கம் மட்டும் ஸ்டாட்டிக் போட்டு மறுபக்கம் மறந்தால், சில கம்ப்யூட்டர்கள் வேலை செய்யும், சில செய்யாது, சில நேரம் லூப்பும் ஆகும். கண்டுபிடிப்பதற்குள் தலை நரைத்துவிடும்.

வேலை முடிந்ததும் ‘சேவ்’ அழுத்துங்கள். பல ஸ்விட்சுகளில் ‘அப்ளை’ என்பது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை மட்டும் மாற்றும். கரண்ட் போய் வந்தால் ஸ்விட்ச் பழைய அமைப்போடு எழும். இரண்டு கேபிளும் செருகியபடியே இருக்கும், ஸ்பானிங் ட்ரீயும் அணைந்திருந்தால் அதே மின்னல் திரும்ப வரும். ஆகவே ஸ்பானிங் ட்ரீயை எப்போதும் ஆனிலேயே விடுங்கள். லேக் முழுவதையும் அது ஒரே இணைப்பாகத்தான் பார்க்கும், குறுக்கே நிற்காது.

கடைசிச் சோதனை: ஒரு லேபிலிருந்து சர்வருக்குத் தொடர் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) விட்டு 23ஆம் போர்ட் கேபிளை உருவுங்கள். ஒன்றிரண்டு பிங் தவறலாம், பிறகு ஓட வேண்டும். செருகிவிட்டு 24ஐ உருவுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் சர்வர் எத்தனை கேபிளில் ஸ்விட்சோடு சேர்ந்திருக்கிறது? ஒன்றுதான் என்றால் லேபுகளுக்கு நடுவே இரண்டு போட்டுப் பயனில்லை, நெரிசல் சர்வர் வாசலில். ஸ்விட்சின் உள்ளே இடம் பற்றாது என்ற கவலை வேண்டாம். 24 போர்ட் கிகாபிட் ஸ்விட்சுக்கு விவரத்தாளில் 48 ஜிபிபிஎஸ் என்று போட்டிருந்தால், 24 போர்ட்டும் இரண்டு திசையிலும் முழு வேகத்தில் ஓடலாம். ஸ்விட்சில் எஸ்எஃப்பி ப்ளஸ் போர்ட் (10 கிகாபிட் மாட்யூல் செருகும் இடம்) இருந்தால், அந்த 10 கிகாபிட்டை இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே பயன்படுத்துங்கள். பக்கத்து லேப் என்றால் சில மீட்டருக்கு டாக் கேபிள் (அந்தப் போர்ட்டில் நேரடியாகச் செருகும் செப்புக் கேபிள்) போதும். ஹாஷ் கணக்கே வேண்டியதில்லை.

கே: ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில் எஸ்டேட் பங்களாவும் தங்கும் விடுதியும். இரண்டுக்கும் நடுவே 180 மீட்டர். மரங்களில் கட்டி கேட்6 கேபிள் இழுத்து, நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தோம். கோடை மழை தொடங்கினால் இடிக்குப் பிறகு ஏதாவது ஒரு போர்ட் போய்விடுகிறது. இரண்டு கேபிள் போட்டுக் கட்டினால் ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் அல்லவா?

ப: இருக்காது. இடி இரண்டு கேபிளையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். நேரடியாக விழ வேண்டியதுகூட இல்லை. அருகில் எங்கோ விழுந்தாலும் இரண்டு கட்டிடங்களின் எர்த்துக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு எழும், செப்புக் கேபிள் அதற்குப் பாலமாகிவிடும். மரத்தில் கட்டிய செப்பு என்றால் கேட்கவே வேண்டாம். கட்டிடம் விட்டுக் கட்டிடம் போவதற்கு ஃபைபர்தான். 100 மீட்டர் வரம்பும் போய்விடும், நடுவில் மழையில் நனையும் அந்த ஸ்விட்சும் தேவைப்படாது. கேமரா ஸ்விட்சுகளில் ‘எக்ஸ்டெண்ட்’ என்று 250 மீட்டர் போகும் பொத்தான் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது 10 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடுவது, அதுவும் செப்புதான்.

வாங்க வேண்டியவை: 200 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக சிங்கிள்மோடு ஃபைபர், 4 அல்லது 6 கோர் (உள்ளிருக்கும் கண்ணாடி இழை). இரண்டு முனையிலும் சிறிய டெர்மினேஷன் பெட்டி, ஸ்ப்ளைசிங் (இழைகளை உருக்கி ஒட்டுவது) செய்ய ஆள், ஸ்விட்சில் செருக எஸ்எஃப்பி (ஃபைபரை ஸ்விட்சோடு சேர்க்கும் சிறிய மாட்யூல்). மண்ணில் புதைத்தால் எலியும் பன்றியும் தோண்டும், குழாய்க்குள் விடுங்கள். உலோகக் கவசம் போட்ட ஃபைபர் வாங்கினால் அந்தக் கவசமே இடிக்குப் பாலம் ஆகும். அதைப் பெட்டிக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். குழாய் இருக்கும்போது உலோகமே இல்லாத வகை போதும்.

அதிகம் தவறும் இடங்கள் மூன்று. ஒற்றைக் கோரில் இரண்டு திசையும் ஓடும் பைடி எஸ்எஃப்பி வாங்கினால் அவை ஜோடி. ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது எதிர்மாறு. ஒரே வகை இரண்டு வாங்கினால் விளக்கே வராது. இரண்டாவது, கனெக்டர் நிறம். வீட்டு பிராட்பேண்ட்காரர்கள் பச்சை நிற ஏபிசி போடுவார்கள். உங்கள் எஸ்எஃப்பிக்கு நீல நிற யுபிசி வேண்டும். முனை சாய்வாகச் செதுக்கிய பச்சையை நேராகச் செதுக்கிய நீலத்தில் செருகினால் ஒளி கசியும், முனையும் கீறும். மூன்றாவது, தூசி. மூடியைக் கழற்றிய கனெக்டரைச் சட்டையில் துடைக்காதீர்கள், அதற்கான துடைப்பான் கிடைக்கும். முனைக்குள் கண்ணை வைத்து வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பதும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

ஸ்விட்ச் மெனுவில் எஸ்எஃப்பி பெறும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் தெரியும். உங்கள் தூரத்துக்கு மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை இருந்தால் நல்லது. மைனஸ் 19ஐ நெருங்கினால் எங்கோ மடிந்திருக்கிறது அல்லது அழுக்கு.

பைடி ஜோடி இரண்டு போட்டு இரண்டு கோரை எல்ஏசிபியாகக் கட்டலாம், தாராளமாக முடியும். ஆனால் இரண்டு கோரும் ஒரே குழாயில் போகும்போது மண்வெட்டி ஒன்று விழுந்தால் இரண்டும் போகும். விடுதிக்கு வரும் இன்டர்நெட் 1 கிகாபிட்டை நெருங்காதவரை ஒரு ஜோடி போதும், மிச்சக் கோர்கள் ஸ்பேராகக் கிடக்கட்டும். கட்டியே தீருவேன் என்றால் எல்ஏசிபியே போடுங்கள், ஸ்டாட்டிக் வேண்டாம். மீடியா கன்வெர்ட்டர் (செப்புக் கேபிளை ஃபைபரோடு சேர்க்கும் பெட்டி) வழியாகப் போகும் இணைப்பில் நடுவில் ஃபைபர் அறுந்தாலும் ஸ்விட்சுப் பக்க விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். ஸ்டாட்டிக் அதை உயிரோடு இருப்பதாக நினைத்துப் பாதி டிராஃபிக்கைக் குழியில் கொட்டும். எல்ஏசிபி எதிர்ப்பக்கத்தின் குரல் நின்றதைக் கவனித்து வெட்டிவிடும்: வேக டைமரில் 3 நொடி, மெதுவானதில் 90 நொடி.

ஃபைபர் போட்ட பிறகும் கூரையில் இருக்கும் கேமராவுக்குச் செப்பு போகும். அந்தக் கேபிளுக்கு எர்த்தோடு சேர்ந்த சர்ஜ் ப்ரொடெக்டர் தேவை. எர்த் இல்லாமல் மாட்டினால் அது வெறும் டப்பா.

கே: சூரமங்கலத்தில் இரண்டு நிறுவனங்களின் பிராட்பேண்ட் இருக்கிறது, தலா 200 எம்பிபிஎஸ். இரண்டையும் ஸ்விட்சில் லேக் கட்டி 400 ஆக்கலாமா?

ப: முடியாது. லேக்கில் சேரும் கேபிள்கள் எல்லாம் ஒவ்வொரு முனையிலும் ஒரே பெட்டியில் முடிய வேண்டும். உங்கள் இரண்டு கேபிளும் இரண்டு வேறு நிறுவனங்களில் முடிகின்றன. டூயல் வான் (இரண்டு இன்டர்நெட் லைனை ஏற்கும்) ரவுட்டர் வாங்குங்கள். அது ஆளுக்கு ஒரு வழி என்று பிரித்து அனுப்பும், ஒன்று போனால் மற்றதில் ஓட்டும். ஒருவர் ஒரு ஃபைல் இறக்கினால் 200தான். பாங்க் தளங்களில் நடுவில் ஐபி மாறினால் வெளியே தள்ளிவிடும், அவற்றை ஒரே லைனில் கட்டிப்போடும் வசதி ரவுட்டரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கே: கொண்டலாம்பட்டி குடோனில் 24 கேமரா, எல்லாம் 4 மெகாபிக்சல். என்விஆருக்கு (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) இரண்டு கேபிள் கட்ட வேண்டும் என்கிறார் இன்ஸ்டாலர்.

ப: எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் ஒரு கேமராவுக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் 24க்கு 96. தாராளமாக 8 என்று வைத்தாலும் 192. ஒரு கிகாபிட் கேபிளில் கால் பங்கைக்கூடத் தொடவில்லை. பார்க்க வேண்டியது இரண்டு. பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே பவரும் தரும்) ஸ்விட்சிலிருந்து என்விஆருக்குப் போகும் அப்லிங்க் போர்ட் கிகாபிட்டா? மலிவான சிலவற்றில் அதுவும் 100தான், 24 கேமராவும் அதில் வந்தால் படம் திக்கும். அடுத்தது மொத்த வாட். போர்ட்டுக்கு 30 வாட் என்று எழுதியிருந்தாலும் பெட்டியின் மொத்த பட்ஜெட், எல்லாப் போர்ட்டுக்கும் அவ்வளவு கொடுக்கத் தேவையானதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். பகலில் 5 வாட் இழுக்கும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் கூடுதலாக இழுக்கும். ராத்திரி மட்டும் கேமராக்கள் விழுந்து எழுந்தால் காரணம் அதுதான்.

கே: அழகாபுரத்தில் சிறிய மருத்துவமனை. சர்வரில் இரண்டு போர்ட், இரண்டு ஸ்விட்ச். ஆளுக்கொரு கேபிள் போட்டு எல்ஏசிபி கட்டினால் ஒன்று மட்டும் வேலை செய்கிறது.

ப: உங்கள் இரண்டு ஸ்விட்சும் எல்ஏசிபியில் தங்களை இரண்டு தனி ஆட்களாக அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. சர்வர் ஒருவரை மட்டும் குழுவில் சேர்க்கிறது. ஸ்டாக்கிங் அல்லது எம்லேக் உள்ள ஸ்விட்ச் ஜோடி என்றால் இரண்டும் ஒரே ஆளாகப் பேசும், அப்போது கட்டலாம். அந்த வசதி இல்லையென்றால் சர்வரில் எல்ஏசிபியை விட்டுவிட்டு ‘ஆக்டிவ் பேக்கப்’ முறை வையுங்கள். ஒரு கேபிள் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும், ஸ்விட்சில் எந்த அமைப்பும் தேவையில்லை. விண்டோஸ் சர்வரில் 2012 பதிப்பிலிருந்தும், லினக்ஸில் பாண்டிங் வழியாகவும் இது உண்டு. விண்டோஸ் 10, 11இல் சொந்தமாகக் கிடையாது.

இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சர்வர் மாறியதும் மறுபக்கக் கம்ப்யூட்டர்கள் தனித்துவிடும். இரண்டையும் தனித்தனி யுபிஎஸ்ஸில் செருகுங்கள். ஓபி இல்லாத நேரம் பார்த்து ஒரு ஸ்விட்சின் பவரைப் பிடுங்கி, பில்லிங் திரை உறையாமல் ஓடுகிறதா என்று நேரிலேயே சோதித்துவிடுங்கள்.